வாக்குத்தத்த அட்டையிலிருந்து அதிகாரத்துக்கு: ஒரு வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசிப்பது எப்படி

“உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.” யோபு 8:7. கடைத் திறப்பு அழைப்பிதழிலும் நாள்காட்டியிலும் புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் (அந்த ஆண்டுக்கான கடவுளின் வாக்காக ஒரு வசனம் அச்சிட்ட சீட்டு) தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடிக்கடி பார்க்கிற வசனம் இது. இதைச் சொன்னது கடவுள் அல்ல. சூகியனான பில்தாத், பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்த தன் நண்பர் யோபிடம் சொன்னது. ஒரு வசனத்தை அதன் சூழலில் வைத்து வாசிக்கப் பழக இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. ஆகவே இந்த ஒன்றை வைத்தே முறையைப் பார்ப்போம்.

முதல் வேலை, எண்களை அழிப்பது. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பேராயர் ஸ்தேவான் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டில் இன்று இருக்கும் வசன எண்கள் 1551இல் பாரிஸ் அச்சகர் ராபர்ட் எஸ்தியேன் போட்டவை. மூல ஆசிரியர் எவரும் எண் போட்டு எழுதவில்லை. வசனத்துக்கு ஒரு எண் இருப்பதாலேயே அது தனியாக நிற்கும் என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. யோபு 8ஆம் அதிகாரம் முழுவதையும் கையால் ஒரு தாளில், எண் இல்லாமல், தொடர்ச்சியாக எழுதுங்கள். 22 வசனம்தான். அலைபேசிச் செயலியில் நகலெடுத்து எண்களை நீக்கினாலும் போதும். ஆனால் கையால் எழுதும்போது “ஆனால்”, “ஆகையால்”, “இருந்தீரேயானால்” போன்ற சொற்கள் கண்ணில் படும். விரலால் தள்ளி வாசிக்கும்போது அவை வழுக்கிப் போகும்.

அப்படி எழுதினால் உடனே ஒன்று தெரியும். 7ஆம் வசனம் ஒரு நிபந்தனையின் பின்பாதி. 4ஆம் வசனத்தில் பில்தாத், “உம் பிள்ளைகள் பாவம் செய்ததால் அதற்குரிய தண்டனையை அடைந்திருக்கலாம்” என்ற பொருளில் பேசுகிறான். 6இல் “சுத்தமும் செம்மையுமாய் இருந்தீரேயானால்” என்கிறான். அதன் பிறகுதான் அற்பமான துவக்கமும் சம்பூரண முடிவும் வருகின்றன. அதாவது இது ஆறுதல் வார்த்தை போலத் தோன்றும் குற்றச்சாட்டு: “நீர் சுத்தமாக இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.” பிள்ளையை இழந்த வீட்டில் இந்த வசனத்தைக் கொடுத்துவிட்டு வருகிறவர், தெரியாமல் பில்தாத்தின் வேலையைச் செய்துவிட்டு வருகிறார்.

அடுத்த கேள்வி: பேசுவது யார், கேட்பது யார்? தமிழ் பைபிளின் பழைய திருப்புதலை (1871இல் வந்த பவர் மொழிபெயர்ப்பை) வாசிப்பவருக்கு இதைக் கண்டுபிடிக்கத் தமிழே ஒரு துப்பைக் கொடுக்கிறது. அந்தத் திருப்புதலில் கடவுள் சாதாரண மனிதரிடம் பேசும்போது “நீ”, “உன்” என்றே வரும். யோபு 38:3ஐப் பாருங்கள்: “நான் உன்னைக் கேட்பேன், நீ எனக்கு உத்தரவு சொல்லு.” பில்தாத்தோ “உம்முடைய” என்கிறான், மனிதன் மனிதனுக்குக் கொடுக்கும் மரியாதை அது. சில அட்டைகளில் இதை “உன் துவக்கம்” என்று மாற்றி அச்சிடுகிறார்கள். அந்த ஒரு சிறு மாற்றத்தில் பேச்சாளரே மாறிப்போகிறார்.

மூன்றாவது, அந்தப் பேச்சைப் புத்தகமே எப்படி மதிப்பிடுகிறது என்று பார்ப்பது. இதற்கு முழுப் புத்தகமும் வேண்டும். யோபு 42 அதிகாரம். ஒரு மாலையில் வாசித்துவிடலாம். அமைப்பைத் தெரிந்துகொண்டு போனால் வழி தவறாது: 1, 2 உரைநடைக் கதை, 3 முதல் 31 வரை யோபும் மூன்று நண்பர்களும் மாறி மாறிப் பேசும் கவிதை, 32 முதல் 37 எலிகூ என்ற இளைஞனின் பேச்சு, 38 முதல் 41 வரை கடவுளின் பேச்சு, நடுவே யோபின் சிறு பதில், 42 முடிவு. அந்த 42:7இல் கடவுள் மூன்று நண்பர்களில் ஒருவனான எலிப்பாசிடம், நீயும் உன் இரண்டு சிநேகிதரும் யோபு பேசினதுபோல் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். பில்தாத் அந்த இருவரில் ஒருவன்.

இங்கே பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து விழுவார்கள்: “அப்படியானால் நண்பர்கள் சொன்னதெல்லாம் பொய்.” அதுவும் சரியில்லை. எலிப்பாஸ் யோபு 5:13இல் சொன்னதைப் பவுல் 1 கொரிந்தியர் 3:19இல் வேதவாக்கியமாகவே எடுத்தாளுகிறார். யோபின் பின்னிலைமையும் முன்னிலைமையைவிட ஆசீர்வாதமாகவே முடிகிறது (42:12). நண்பர்கள் பல பொது உண்மைகளைச் சொன்னார்கள். பொதுவாக உண்மையானதை, எதிரே உட்கார்ந்திருந்த ஒருவருடைய துயரத்துக்குக் காரணமாக ஒட்டியதுதான் அவர்கள் தவறு. எனவே பில்தாத்தின் வாயிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு வரியைத் தூக்கி எறியவும் கூடாது, பைபிளில் இருக்கிறது என்பதற்காகக் கடவுளின் வாக்கு என்று எடுக்கவும் கூடாது.

இதே கேள்விகளை வேறு இடங்களில் போட்டுப் பாருங்கள். எரேமியா 29:11, “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்”, கடவுளின் வார்த்தைதான். பேச்சாளரில் சிக்கல் இல்லை. சிக்கல் “உங்கள்” என்பதில். இன்றைய பேச்சில் “நீங்கள்” ஒருவருக்கும் வரும், பலருக்கும் வரும்; அதனால் அட்டையை வாசிப்பவர் மரியாதையாகத் தன்னைத்தான் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார். எபிரெயத்தில் அது பன்மை. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு கூட்டத்துக்கு எருசலேமிலிருந்து போன கடிதம் அது. முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் செத்திருப்பார்கள். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று சொல்லி, ஜனங்களைப் பொய்யை நம்பப்பண்ணினான் என்று கண்டிக்கப்படுகிறான். இந்த வருஷமே நடக்கும் என்று 29:11ஐப் புத்தாண்டுக்குக் கொடுப்பது எரேமியாவின் வசனத்தை அனனியாவின் குரலில் வாசிப்பது.

இந்த விஷயத்தில் பழைய திருப்புதல் ஒரு நல்ல கருவி. அதில் “நீ” என்றால் ஒருமை. கடவுளோ இயேசுவோ பேசும் இடத்தில் “நீங்கள்” என்றால் பலர். லூக்கா 22:31, 32ஐ எடுங்கள். சாத்தான் “உங்களைப்” புடைக்க உத்தரவு கேட்டான். நானோ “உனக்காக” வேண்டிக்கொண்டேன். சீமோன் பேதுருவை அழைத்துத் தொடங்கிய பேச்சு, சோதனையில் எல்லாச் சீஷரையும் சேர்த்து, ஜெபத்தில் பேதுருவிடம் திரும்புகிறது. கிரேக்கத்தில் உள்ள இந்தத் திருப்பம் தமிழில் அப்படியே நிற்கிறது.

ஆனால் “நாம்”, “நாங்கள்” விஷயத்தில் கவனம் வேண்டும். கிரேக்கத்திலும் எபிரெயத்திலும் கேட்பவரைச் சேர்த்துச் சொல்லும் “நாம்” வேறு, விலக்கிச் சொல்லும் “நாங்கள்” வேறு என்று கிடையாது. ஒரே சொல்தான். எனவே தமிழ் பைபிளில் வரும் ஒவ்வொரு “நாம்”, “நாங்கள்” தேர்வும் மொழிபெயர்ப்பாளரின் விளக்கம். மாற்கு 4:38இல் புயலில் சீஷர்கள், “நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்கிறார்கள். அதே படகில்தான் இயேசுவும் தூங்குகிறார். “நாங்கள்” என்றால் அவர் சாகமாட்டார் என்று ஏற்கெனவே நம்பியதுபோல் ஆகும். “நாம்” என்றால் அவரையும் சேர்த்து மூழ்கும் பயம். பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் (1995) “சாகப்போகிறோமே” என்று சொல்லி அந்த முடிவை எடுக்காமலே தப்பித்துக்கொள்கிறது, கெட்டிக்காரத்தனம்தான். “இங்கே நாங்கள் என்று போட்டிருக்கிறது, ஆகவே…” என்று ஒரு போதனையைக் கட்டுவதற்கு முன் இன்னொரு மொழிபெயர்ப்பைத் திறந்து பாருங்கள்.

இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிடும்போது மூன்று வகை வேறுபாடு வரும். வெறும் நடை வேறுபாடு என்றால் விட்டுவிடலாம். பொருள் வேறுபாடு என்றால் மூலச் சொல்லுக்கு இரண்டு வாசிப்பு இருக்கலாம் என்று அர்த்தம். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை என்றால் பெரும்பாலும் கையெழுத்துப் படிகளின் வேறுபாடு. பிலிப்பியர் 4:13இல் பழைய திருப்புதல் “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே” என்கிறது. மிகப் பழைய கிரேக்கப் படிகளில் “என்னைப் பெலப்படுத்துகிறவராலே” என்று மட்டுமே உண்டு. இதில் யாரும் பதற வேண்டியதில்லை, யாரைச் சொல்கிறார் என்பது தெளிவு. அந்த வசனத்தில் உண்மையில் தவறிப்போவது “எல்லாவற்றையும்” என்ற சொல். 11, 12 வசனங்களில் பவுல் அந்த “எல்லாம்” எது என்று சொல்லிவிட்டார்: தாழ்ந்திருப்பது, வாழ்ந்திருப்பது, பட்டினி, நிறைவு. பிலிப்பி சபையாரிடமிருந்து எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த உதவிக்கு நன்றி சொல்லும் பத்தி அது. பரீட்சையிலும் பந்தயத்திலும் ஜெயிப்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

சொற்களைத் துரத்தும்போது தமிழ் ஒத்தவாக்கிய அகராதியை (ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் பட்டியலிடும் நூலை) மட்டும் நம்பினால் ஓரிடத்தில் சறுக்கும். லூக்கா 14:26இல் தாய் தகப்பனை “வெறுக்க” வேண்டும் என்று வருகிறது. “வெறு” என்று தேடினால் ஆதியாகமம் 29:31 கிடைக்காது. ஏனெனில் அங்கே லேயாள் “அற்பமாய் எண்ணப்பட்டாள்” என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். எபிரெயத்தில் அது வெறுப்புக்கான சொல்லே. முந்தின வசனம் அதை விளக்குகிறது: யாக்கோபு ராகேலை லேயாளைவிட அதிகமாய் நேசித்தான். வெறுத்தல் என்பது அந்த வழக்கில் இரண்டாம் இடத்தில் வைப்பது. மத்தேயு 10:37 இதையே “என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்” என்று நேராகச் சொல்கிறது. ஒரு வசனம் முரட்டுத்தனமாக ஒலித்தால், முதலில் அதே பேச்சைச் சொல்லும் மற்ற சுவிசேஷத்தைப் பாருங்கள், அகராதி பிறகு.

விளக்கவுரையைக் கடைசியில் திறப்பது நல்லது. முதலிலேயே திறந்தால் அதன் கேள்விகளே உங்கள் கேள்விகள் ஆகிவிடும், உங்கள் தாளில் நீங்கள் கோடிட்ட “இருந்தீரேயானால்” மறந்துபோகும்.

புதுக்கடையில் மாட்ட ஒரு வசனம் வேண்டும் என்று கேட்பவருக்கு என்ன கொடுப்பது? சகரியா 4:10: “அற்பமான ஆரம்பத்தின் நாளை யார் அசட்டைபண்ணலாம்?” இது கர்த்தருடைய வார்த்தையாகவே வருகிறது (4:8). பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் செருபாபேலின் தலைமையில், கி.மு. 520ஐ ஒட்டி, சிறிதாகத் தெரிந்த ஓர் ஆலயத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னது. இதுவும் ஆலயத்தைப் பற்றியதுதான், கடை லாபத்தைப் பற்றியதல்ல. அதையும் சொல்லிக் கொடுத்தால் சுவரில் மாட்டட்டும்.