டிராவல் டிரெய்லர்: விலைச்சீட்டில் எழுதாத செலவுகள்

அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு, வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு கட்டணும்?" என்றுதான். பலர் வழுக்குவதும் அங்கேயே. 30,000 டாலர் டிரெய்லரை 8 சதவீத வட்டியில் 15 வருடக் கடனுக்கு எடுத்தால் தவணை சுமார் 287 டாலர். பரவாயில்லையே என்று தோன்றும். ஐந்து வருடம் கழித்துப் பாருங்கள்: 17,000 டாலருக்கு மேல் கட்டியிருப்பீர்கள், இன்னும் 23,600 பாக்கி இருக்கும். டிரெய்லரின் விலையோ முதல் ஓரிரு வருடங்களிலேயே மளமளவென்று இறங்கியிருக்கும். விற்றாலும் கைக்காசு போட்டுத்தான் கடனை அடைக்க வேண்டியிருக்கும். மூன்று நான்கு வருடம் ஓடிய டிரெய்லரைத் தேடச் சொல்வது இதனால்தான். பெரிய சரிவை முதல் ஆளே சுமந்திருப்பார்.

அடுத்தது, இழுக்கும் வண்டி. "நம்ம வண்டி 7,500 பவுண்டு இழுக்கும்" என்ற விளம்பர எண்ணை நம்பி வாங்கிவிடுவது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். 1,500 என்று வையுங்கள். சாமான் ஏற்றிய 6,500 பவுண்டு டிரெய்லர், கொக்கியில் மட்டும் 13 சதவீதம், அதாவது 845 பவுண்டை அழுத்தும். அதுவும் இந்த 1,500-இல்தான் சேரும். வீட்டில் நாலு பேர், 600. மிச்சம் 55 பவுண்டு. ஐஸ் பெட்டியும் விறகும் வைத்தால் தீர்ந்தது. அப்புறம் பெரிய பிக்கப் வாங்க ஓடுவார்கள். அந்தச் செலவை யாரும் டிரெய்லர் கணக்கில் எழுதுவதில்லை. இழுத்துப் போகும்போது மைலேஜ் பாதியாகக் குறைவதும் சாதாரணம்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பணத்தைத் தின்பது தண்ணீர். பல டிரெய்லர்களின் கூரை மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் விரிப்புதான். காற்றுப்போக்கி, ஆண்டெனா, கண்ணாடித் திறப்பு என்று அதில் பல ஓட்டைகள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் சீலண்ட் பூசித்தான் அடைத்திருப்பார்கள். வெயிலிலும் ரோட்டுக் குலுக்கலிலும் அதில் தலைமுடி அகலத்துக்கு விரிசல் விடும். உள்ளே மரச்சட்டம் ஊறி முடியும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் பக்கச்சுவர் பூரி மாதிரி உப்பி நிற்கும். பழையது வாங்குகிறீர்களா, நாலு மூலையிலும் தரையை மிதித்துப் பாருங்கள், ஜன்னலுக்குக் கீழே விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறிப் பார்த்து சீலண்ட் போட அதிகம் செலவாகாது. விட்டால் பழுது பல ஆயிரம் டாலர். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த சேதத்துக்குப் பொதுவாகக் காப்பீடும் கை கொடுக்காது, பராமரிக்காதது உங்கள் தவறு என்பார்கள்.

டயர் விஷயத்தில், மேல்வரி தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து போவதில்லை, நின்ற இடத்திலேயே வயதாகிப் போகும். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடமானால் மாற்றக் காசு எடுத்து வையுங்கள். குளிர் மாநிலம் என்றால் பனிக்கு முன்பே குழாய்த் தண்ணீரை வடித்து, பிங்க் நிற ஆண்டிஃப்ரீஸ் (குளிரில் உறைந்து குழாயை உடைக்காத திரவம்) ஓட்ட வேண்டும். ஒரு வருடம் மறந்தாலும் குழாய் வெடிக்கலாம்.

நிறுத்த இடமும் யோசியுங்கள். குடியிருப்புச் சங்கங்கள் பல, வீட்டு வாசலில் நிறுத்த விடுவதில்லை. வெளியே மாதம் 100 டாலர் வாடகைக்கு நிறுத்தி, வருடத்துக்கு 12 ராத்திரி மட்டும் தங்கினால், நிறுத்தியதற்கே ராத்திரிக்கு 100 டாலர். முகாம் வாடகை தனி.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் போய் வாருங்கள். கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வீட்டில் யார் முன்வருவார்கள் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.