எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு முன்னால்: உடம்பையும் சாப்பாட்டுப் பழக்கத்தையும் தயார் செய்வது எப்படி?

"எடை குறையத்தானே ஆபரேஷன்? அதற்கு முன்னாடியே குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றால் என்ன நியாயம்?" ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கி, சாப்பாட்டைக் குடலின் ஒரு பகுதியைத் தாண்டி அனுப்புவது) என்று முடிவானதும் பலரும் கேட்பது இதுதான். அதற்கான பதில் கல்லீரலில் இருக்கிறது.

கல்லீரலின் இடதுபக்கம் இரைப்பையின் மேல்பகுதியை மூடியபடி இருக்கும். பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு ஃபேட்டி லிவரும் (கல்லீரலில் கொழுப்பு சேர்வது) இருப்பதால் அது பெருத்துக் கனமாக இருக்கும். சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சர்ஜன் உள்ளே வேலை செய்ய வேண்டும். கல்லீரல் சுருங்கினால் இடம் கிடைக்கும், ரத்தக்கசிவு அபாயமும் குறையும். உங்களிடம் கேட்பது இந்தச் சுருக்கத்தைத்தான், ஒல்லியாகிவிட்டு வரச் சொல்லவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். ஆனால் சாப்பிடும் வேகமும் கைப்பழக்கமும் அப்படியே இருக்கும். புது வயிற்றோடு புதுப் பழக்கத்தையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்வது கஷ்டம். அதனால் பழக்கத்தை இப்போதே ஆரம்பித்துவிடுவது நல்லது.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். வாயில் போவதை மட்டும் நேரத்தோடு ஒரு நோட்டில் குறியுங்கள். டீயோடு போகும் பிஸ்கட், பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை எல்லாமும்தான். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நாளைக்கு நாலு டீ என்றால், சர்க்கரை மட்டுமே 150 கலோரிக்கு மேல் வரும். நிறுத்த வேண்டிய முதல் பொருள் இது. நாட்டுச்சர்க்கரைக்கோ தேனுக்கோ மாறுவதில் பயன் இல்லை.

படி 2: சாப்பாட்டையும் தண்ணீரையும் பிரியுங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு மிகக் கடினமான படி இதுதான் என்பது என் கருத்து. இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் வைத்துத்தான் நமக்குச் சாப்பாடே ஆரம்பிக்கும். நடுவில் ரசம், கடைசியில் மோர். ஆபரேஷனுக்குப் பிறகு இந்த முறை செல்லாது. சின்ன வயிற்றில் இரண்டுக்கும் இடம் இருக்காது, குமட்டலும் வாந்தியும் வரும். சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம் என்பார்கள்.

முதலில் ஒரு வேளைக்கு மட்டும் முயலுங்கள். காலை டிபனில் ஆரம்பிப்பது சுலபம். டம்ளரைச் சாப்பிடும் இடத்திலேயே வைக்காதீர்கள். விக்கல் வருகிறது என்றால் கவளம் பெரிது என்று அர்த்தம். தண்ணீரை நாள் முழுக்க வாய் வாயாகக் குடித்துப் பழகுங்கள். அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்ளும் பழக்கம் போகவேண்டும்.

படி 3: மென்று சாப்பிடுங்கள்

குழைந்த ரசம் சாதத்தைப் பிசைந்து விழுங்கிவிடலாம், பல்லுக்கு வேலையே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகும் இப்படிப்பட்டவை வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வு வராமல் கலோரி மட்டும் சேரும். சின்னக் கவளம், இருபது முறையாவது மெல்லுதல், ஒரு வேளைக்கு இருபது நிமிடம். டிவியும் போனும் ஓடிக்கொண்டிருந்தால் இது நடக்காது.

படி 4: புரோட்டீன் முதலில்

ஆபரேஷனுக்குப் பிறகு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் என்று பெரும்பாலும் சொல்வார்கள். ஒரு இட்லியில் 2 கிராம் போலத்தான் இருக்கும். முட்டையில் 6, நூறு கிராம் பனீரில் 18, வேகவைத்த கோழி நூறு கிராமில் 25க்கு மேல். சைவர்கள் சுண்டல், தயிர், சோயா உருண்டை என்று பிரித்துப் போட்டுத்தான் எட்ட முடியும். தட்டில் முதலில் புரோட்டீனைச் சாப்பிடுங்கள், அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு. பி12, இரும்பு, வைட்டமின் டி அளவுகளையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 5: நுரையீரலும் கால்களும்

நாளுக்குப் பத்து நிமிட நடையில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள். முட்டி வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகள் போதும். மூன்று பந்து உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியைக் கொடுத்தால் அதில் ஊதக் கூடாது, உள்ளிழுக்க வேண்டும். நிறையப் பேர் ஊதிக்கொண்டிருப்பார்கள்! சிகரெட்டை ஆறு வாரத்துக்கு முன்பாவது விட்டுவிட வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்கு மெஷின் கொடுத்திருந்தால் அதைத் தினமும் போடுங்கள், அலமாரியில் தூங்க விடாதீர்கள்.

படி 6: கடைசி இரண்டு வாரம்

பெரும்பாலும் 800 முதல் 1000 கலோரிக்குள், மாவுச்சத்து மிகக் குறைவாக, உங்கள் டயட்டீஷியன் ஒரு சார்ட் கொடுப்பார். கல்லீரலில் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து வெளியேறும், கொழுப்பும் குறையத் தொடங்கும். சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, ஓட்ஸ், சிறுதானியக் கஞ்சி என்று மாற்றிச் சாப்பிட்டால் இது நடக்காது, அவையும் மாவுச்சத்துதான். முதல் சில நாட்கள் தலைவலியும் சோர்வும் இருக்கலாம்.

சுகர் இருப்பவர்கள் இந்த டயட்டைத் தாங்களாக ஆரம்பிக்கவே கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ பழைய அளவிலேயே தொடர்ந்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். இந்த டயட் தொடங்கும்போதே நிறுத்த வேண்டுமா என்றும் கேளுங்கள். மீட்டரில் சுகர் பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து இவற்றில் உண்டு. எடைக்குறைப்பு ஊசி போட்டிருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள், அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை பற்றியும் கேளுங்கள்.

இந்த இரண்டு வாரத்தில்தான் சொந்தக்காரர்கள் "இனிமேல் சாப்பிட முடியாதே" என்று பிரியாணியோடு வருவார்கள். இத்தனை நாள் சுருங்கிய கல்லீரலில் அந்த விருந்து கிளைகோஜனைத் திரும்ப நிரப்பிவிடும். ஆபரேஷன் முடிந்து சில மாதங்களில் பிரியாணியை இரண்டு கரண்டி அளவு சாப்பிடத்தான் போகிறீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். ஒரு நாள் தவறிவிட்டால் மறைக்காமல் டயட்டீஷியனிடம் சொல்லுங்கள். சளி, காய்ச்சல் இருந்தாலும் அப்படித்தான். தேதி ஒரு வாரம் தள்ளிப்போனால் போகட்டும்.