170-ஆம் எண் பேருந்தில் கல்குவாரிக்கு: புக்கிட் தீமாவில் ஒரு நாள் நடை

சிங்கப்பூரில் மலையேற்றமா என்று சிரிக்காதீர்கள். ஊரின் மிக உயரமான இயற்கை மேடு புக்கிட் தீமா. அதன் உச்சியிலுள்ள பாறையில் 163.63 மீட்டர் என்று பொறித்திருக்கிறார்கள். நம்மூர்க் கண்ணுக்கு இது குன்றுதான். ஆனால் இந்தக் குன்றைச் சுற்றி வருடக்கணக்கில் கருங்கல் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டிய பள்ளங்களில் இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கிறது, சுற்றிலும் காடு வளர்ந்திருக்கிறது. அந்தப் பள்ளங்களைப் பார்க்கத்தான் போகிறோம்.

ஏன் பேருந்து? கார் வைத்திருந்தால் எங்கே நிறுத்தினீர்களோ அங்கேயே திரும்பி வர வேண்டும். பேருந்தில் போனால் ஒரு முனையில் இறங்கி, நடந்து, மறுமுனையில் ஏறிக்கொள்ளலாம். சரி, ஆரம்பிப்போம்.

1. முந்தின நாள் பையைக் கட்டுங்கள்

ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, மழைக்கு மெல்லிய சட்டை, பிடிப்புள்ள காலணி. செருப்பு வேண்டாம், சரிவுகளில் வழுக்கும். சாப்பாட்டை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இங்குள்ள நீள்வால் குரங்குகளுக்கு அந்தப் பை சாப்பாடு என்று நன்றாகத் தெரியும், வந்து பிடுங்கும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். குரங்குகளுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு.

2. தேக்காவில் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்

காலை ஏழு மணிக்கு, லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையில் இரண்டு தோசை, ஒரு தேத்தண்ணி. சந்தைக்கு அருகே புக்கிட் தீமா சாலையில் உள்ள நிறுத்தத்தில் 170 அல்லது 67 வரும். இரண்டுமே நமக்கு ஆகும். பேருந்து தெரிந்ததும் கையை நீட்டுங்கள், இல்லையென்றால் நிற்காமலே போய்விடலாம். முன்வாசலில் ஏறி அட்டையைத் தட்டுங்கள். பயண அட்டை இல்லாதவர்கள் தட்டிப் பணம் கட்டும் வசதியுள்ள வங்கி அட்டையையே பயன்படுத்தலாம்.

இறங்கும்போதும் தட்ட வேண்டும். இங்கே கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, தட்ட மறந்தால் அந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கணக்கு. முதல் தடவை போனபோது குரங்கைப் பார்க்கும் ஆவலில் தட்டாமல் குதித்து இறங்கியவன் நான்.

170-இல் ஏறினால் தூங்கிவிடாதீர்கள். அது வடக்கே போய், கடற்பாலத்தைக் கடந்து, மலேசியாவின் ஜொகூர் பாருவிலுள்ள லார்கின் நிலையம் வரை ஓடும். அந்தக் கடற்பாலம் 1924-இல் கட்டி முடிந்தது. அதற்கான கல் புலாவ் உபின் தீவிலிருந்தும் இதே புக்கிட் தீமா பக்கத்துக் குவாரிகளிலிருந்தும் போனது. நாம் பார்க்கப் போகும் பள்ளங்களின் ஊரிலிருந்து போன கல்லின் மேல்தான் இந்தப் பேருந்து மலேசியாவுக்குப் போகிறது!

3. பியூட்டி வோர்ல்டில் இறங்கி முதல் பள்ளம்

பியூட்டி வோர்ல்ட் ரயில் நிலையத்தை ஒட்டி இறங்குங்கள். ஹிண்டீடு டிரைவ் என்ற சிறு சாலையைப் பிடித்து மேலே கால் மணி நேரம் நடந்தால் புக்கிட் தீமா காப்புக்காட்டின் பார்வையாளர் மையம். காடு காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். கழிப்பறை இங்கேதான், விட்டுவிட வேண்டாம்.

மையத்துக்குப் பக்கத்திலேயே ஹிண்டீடு பூங்கா. சில நிமிட நடையில் மரமேடை வந்துவிடும். எதிரே செங்குத்தாக அறுத்த பாறைச் சுவர், கீழே அசையாத குளம். கல் எடுத்த காலத்தில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். இறைப்பது நின்றதும் மழைநீரும் ஊற்றும் பள்ளத்தை நிரப்பிவிட்டன. பாறைச் சுவரில் வேர் பிடிக்க இடமே இல்லை என்று நினைப்போம், உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு செடி நிற்கும். அவசரப்படாமல் இங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

உச்சிக்குப் போக வேண்டுமா? தார்ச்சாலையே போகிறது, செங்குத்து. மேலே மரங்கள்தான், பெரிய காட்சி எதுவும் கிடையாது. உடம்பில் தெம்பு இருந்தால் போய் வாருங்கள், நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். மலாயில் 'தீமா' என்றால் வெள்ளீயம். இந்த மலையில் எடுத்ததோ கருங்கல். 'தெமாக்' என்ற மரத்தின் பெயர் திரிந்து இப்படி ஆனது என்றும் சொல்கிறார்கள்.

4. பழைய தண்டவாளப் பாதையில் வடக்கே

வந்த வழியே கீழே இறங்கினால் 'ரயில் காரிடார்' குறுக்கே வரும். 2011 ஜூலையில் மலேசிய ரயில் இந்தத் தடத்தில் ஓடுவதை நிறுத்தியது. தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டருக்கு அந்தத் தடம் இப்போது நடைபாதை. மேடு பள்ளமில்லாத சமதளம் என்பதால் புதியவர்களுக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. வடக்குப் பக்கம் திரும்பி அரை மணிக்குச் சற்று மேல் நடங்கள். நிழல் குறைவு, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் மால் கடைவரிசை பக்கம் வரும்போது கறுப்பு இரும்புப் பாலம் தெரியும். பாலத்துக்கு முன்பே வலப்பக்கம் 'சிங்கப்பூர் குவாரி' என்ற பலகையைப் பாருங்கள். அந்தக் கிளைப்பாதையில் திரும்புங்கள்.

5. சிங்கப்பூர் குவாரி

மூன்று பள்ளங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். அகலமான குளம், பின்னால் பாறைச் சுவர், முன்னால் பார்வை மேடை. பெரிய கேமராவோடு யாராவது அசையாமல் நின்றால் பக்கத்தில் போய்ச் சத்தம் போடாதீர்கள், முக்குளிப்பானுக்காகக் காத்திருப்பார்கள். நம்மூர் ஏரியில் கூட்டங்கூட்டமாக மூழ்கி எழும் அதே சின்னப் பறவை இந்த ஊரில் அபூர்வம். தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை. கரை சட்டென்று ஆழமாகும், வேலி சும்மா போட்டதில்லை.

இடி முழங்கினால் நடையை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் இடிமழை இங்கே சர்வ சாதாரணம், மின்னலும் அதிகம். அதனால்தான் காலையிலேயே கிளம்பச் சொன்னேன்.

6. மீண்டும் பேருந்து, மூன்றாம் பள்ளம்

ரயில் மாலுக்கு வந்து ஏதாவது சாப்பிடுங்கள். அப்புறம் சாலையில் வடக்கே போகும் 67-ஐப் பிடித்துச் சுவா சூ காங் வரை போங்கள். அங்கிருந்து ரயிலில் ஒரே நிறுத்தம், புக்கிட் கொம்பாக். சுற்றுவழிதான், ஆனால் குழப்பம் இல்லாதது. பேருந்திலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் ரயிலுக்குள் தட்டி நுழைந்தால் இரண்டும் ஒரே பயணமாகவே கணக்கிடப்படும். காலைப் பயணத்துக்கும் இதற்கும் நடுவே பல மணி நேரம் ஆகிவிட்டதால் இது புதுக் கட்டணம்தான். சில காசுகளுக்காகக் குவாரியில் ஓட வேண்டாம்.

புக்கிட் கொம்பாக் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் 'சிறிய குய்லின்'. இந்தக் குவாரியை மூடி மேலே சாலை போடத்தான் திட்டமிருந்தது. தண்ணீருக்கு நடுவே நிற்கும் பாறைகள் சீனாவின் குய்லின் மலைகளை நினைவூட்டவே, பூங்காவாக விட்டுவைத்தார்கள். இங்குள்ள கல் காலையில் பார்த்த கருங்கல் (கிரானைட்) இல்லை, அதைவிடக் கறுத்த வேறு இனம். பக்கத்தில் அடுக்குமாடி வீடுகள், மாலையில் மூத்தவர்கள் குளத்தோரம் நடக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து காலணியைக் கழற்றுங்கள். ரயில் நிலையம் பக்கம்தான், அவசரமே இல்லை.