கூட்டுறவு வீட்டில் யார் யார் இருக்கலாம்? முதல் தடவை உபவிதி எழுதுபவர்களுக்கு

சில குடும்பங்கள் சேர்ந்து வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கலாம் என்று உட்கார்ந்தால் பேச்செல்லாம் காணி, கடன், கூரை, கிணறு என்றுதான் ஓடும். வீட்டில் யார் குடியிருப்பது என்ற விடயத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து உபவிதியில், அதாவது சங்கம் தனக்கென்று எழுதிக்கொள்ளும் விதிகளில், அதை முதலில் எழுதுங்கள்.

வீட்டைக் கட்டி அவரவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடும் சங்கங்களும் உண்டு. நான் சொல்லப்போவது, வீடு தொடர்ந்து சங்கத்தின் சொத்தாகவே இருக்கும் முறையைப் பற்றி.

படி 1: காணி உறுதியை மறந்துவிடுங்கள்

எங்கள் திருகோணமலைப் பக்கம் மகளுக்குக் கல்யாணம் என்றால் முதல் கேள்வியே வீடு இருக்கிறதா என்பதுதான். அதனால் வீடு என்றதும் உறுதிதான், அதாவது சொத்துப் பத்திரம்தான், நினைவுக்கு வரும். இங்கே உறுதி சங்கத்தின் பெயரில். அங்கத்தவருக்கு இருப்பது பங்கும், குடியிருக்கும் உரிமையும் மட்டுமே. வீட்டைச் சீதனமாக எழுத முடியாது, விற்க முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. இதை உபவிதியின் தொடக்கத்திலேயே நேராக எழுதுங்கள். சேர வருபவர்களுக்கு வாயாலும் சொல்லுங்கள்.

படி 2: மூன்று வகையாகப் பிரியுங்கள்

அங்கத்தவர், குடியிருப்பவர், விருந்தினர். அங்கத்தவருக்கு வாக்கு உண்டு, பொறுப்பும் உண்டு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். பிள்ளைகள், வயதான பெற்றோர் எல்லாம் குடியிருப்பவர்கள். வாக்கு இல்லை, ஆனால் வீட்டில் இருக்கும் உரிமை உண்டு.

கணவன், மனைவி இருவரையும் அங்கத்தவராக்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒரு சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் என் கண்முன்னே நடந்தது இது. கணவர் கட்டாரில். மாதச் சந்தாவை வருடக்கணக்காகக் கட்டி வந்தது மனைவி. பற்றுச்சீட்டுகளை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வாக்கெடுப்பு வந்ததும், "அக்கா, உங்கட பேர் இடாப்பில இல்லையே" என்று விட்டார்கள். அந்தச் சீட்டுகள் அத்தனையிலும் இருந்தது கணவரின் பெயர். விதிப்படி அவர்கள் செய்தது சரிதான். அந்த விதியை எழுதியதுதான் பிழை.

படி 3: ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள்

வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர், அடையாள அட்டை எண், பிறந்த திகதி, அங்கத்தவருக்கு என்ன முறை, வந்த திகதி, போன திகதி. பிள்ளை பிறந்தாலோ, மருமகன் வந்து சேர்ந்தாலோ 1 மாதத்துக்குள் அறிவிக்கச் சொல்லுங்கள். வாக்காளர் இடாப்புக்காக ஜீ.எஸ். (கிராம சேவையாளர்) படிவம் தரும் காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறை கொப்பியையும் சரிபார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

படி 4: விருந்தினருக்கு நாள் கணக்கு

இதில்தான் மனக்கசப்பு அதிகம். கனடாவிலிருந்து தங்கை குடும்பம் வரும், திருவிழாவுக்குச் சொந்தம் வரும், மூதூரிலிருந்து மாமி வைத்தியத்துக்கு வந்து தங்குவார். யாரும் போய்க் கதவைத் தட்டக் கூடாது. தொடர்ச்சியாக 30 நாள் வரை அறிவிக்கத் தேவையில்லை, அதற்கு மேல் போனால் ஒரு கடிதம் போதும் என்று வைக்கலாம். நோயாளியைப் பார்க்க வந்தவருக்கு அந்தக் கணக்கே வேண்டாம்.

காசு வாங்கித் தங்க வைப்பது வேறு. கோணேசபுரி வளாகத்து மாணவர்களுக்குப் போடிங் கொடுப்பது, நிலாவெளி சீசனில் வெள்ளைக்காரருக்கு அறை விடுவது இரண்டுமே இங்கே கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஆசைகள். குடும்பம் குடியிருக்கத்தான் சங்கம் வீடு கொடுத்தது. ஆகவே செயற்குழுவின் எழுத்து அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது என்று தெளிவாகப் போடுங்கள். அங்கத்தவர் வேலைக்காக வெளியூர் போனால் எத்தனை மாதம் வீடு பூட்டிக் கிடக்கலாம் என்பதையும் அதோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.

படி 5: ஆள் கணக்கு

அறைக்கு இரண்டு பேர் என்பது நடைமுறைக்கு ஏற்ற அளவு. மலகூடக் குழியும் தண்ணீரும் தாங்க வேண்டுமே. ஆனால் பிள்ளை பிறந்ததால் அளவு மீறினால் அந்தக் குடும்பத்தை வெளியேற்ற முடியாது, பெரிய வீடு காலியாகும்போது அவர்களுக்கே முதலிடம் என்றும் எழுதுங்கள்.

படி 6: அங்கத்தவர் இறந்தால், பிரிந்தால்

சேரும் நாளிலேயே பின்னுரித்தாளியின் பெயரை எழுதி வாங்குங்கள். அங்கத்தவர் இறந்தால் அவருடைய பங்குப் பணம் இந்தப் பின்னுரித்தாளிக்குப் போகும். ஆனால் பணம் யாருக்கு என்பதும் வீட்டில் யார் இருப்பது என்பதும் இரண்டு கேள்விகள். பின்னுரித்தாளியாகத் தம்பியின் பெயர் இருக்கலாம், வீட்டில் இருப்பது மனைவியும் பிள்ளைகளும். கொப்பியில் பெயர் உள்ளவர்கள் தொடர்ந்து குடியிருக்கலாம், அவர்களில் வயது வந்த ஒருவர் அங்கத்தவராக விண்ணப்பிக்கலாம் என்ற வரி இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். தம்பதியர் பிரிந்தாலும் இப்படித்தான். பிள்ளைகள் யாரோடு இருக்கிறார்களோ அவருக்கு வீடு என்று முன்கூட்டியே எழுதுங்கள்.

படி 7: பதிவு

1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் உபவிதி பதிவாக வேண்டும். பின்னால் செய்யும் திருத்தமும் அப்படியே. பொதுக்கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினால் மட்டும் போதாது. கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தில் பதிவாகிப் பிரதி உங்கள் கைக்கு வரும் வரை பழைய விதிதான் செல்லும். அதுவரை புதிய விதியைச் சொல்லி யாருக்கும் கடிதம் அனுப்பாதீர்கள்.