சடங்கு நடக்கும் வெளியில் ஒரு கலைப்படைப்பை நிறுவுதல்

மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கும். அம்மனைக் குளிர்விக்கும் நிறைவுச் சடங்கான திருக்குளிர்த்தி முடிந்ததும் அடைபடும். கோயில் முன்றலின் மணலுக்கோ கதவில்லை. ஆண்டு முழுவதும் பிள்ளைகள் பந்தடிப்பதும் ஊர்ப் பேச்சு நடப்பதும் அங்கேதான். ஆகவே அங்கே நவீன கலைப்படைப்பொன்றை வைக்க விரும்புவோர் அதை வெற்றிடமாக எண்ணிவிடக் கூடாது.

ஓராண்டு முன்னதாகவே தொடங்குங்கள். முதலாண்டுச் சடங்கில் எதையும் செய்யாமல் ஒரு பாயில் அமர்ந்து, பறைமேளம் எங்கே நிற்கிறது, கச்சான் கடைகள் எதுவரை வருகின்றன, கண்ணகி கதைப்பாடலான வழக்குரையைக் கேட்கும் முதியவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்துகொள்கிறார்கள், கற்பூரச்சட்டி ஏந்தும் பெண்கள் எவ்வழியாக நடக்கிறார்கள் என்பவற்றையெல்லாம் ஒரு தாளில் கோடுகளாக வரைந்துகொள்ளுங்கள்.

இதைத் தவிர்த்ததன் விளைவை நான் அனுபவித்தேன். என் முதற் படைப்பு, இரு மரங்களுக்கிடையே தொங்கவிட்ட நீண்ட வெள்ளைத் துணிகள். மாலையில் கற்பூரச்சட்டிகள் வரிசையாக வந்தபோது துணியின் நுனி தீச்சுடருக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. "தம்பி, இது அம்மாள் வாற வழியெல்லோ?" என்று ஒரு முதியவள் கேட்டபின்பே அவசரமாக அறுத்து இறக்கினேன்.

கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும் சடங்கை நடத்தும் பூசகரான கப்புகனாரிடமும் அனுமதி பெறுவது கட்டாயம். கடிதம் கொடுத்ததோடு நின்றுவிடாமல், பந்தல் போடுவோரிடமும் மடை எனும் படையலுக்குப் பண்டம் ஆக்கும் பெண்களிடமும் வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள். பிழையான இடத்தை அவர்களே முதலில் கண்டுபிடிப்பார்கள். அம்மனின் முக வடிவான முகக்களையை ஒத்த உருவத்தைச் செய்யாதீர்கள். அது வழிபடப்படுவது, கலைஞரின் கருப்பொருள் அன்று.

வடிவமைப்புக்கு நம் கூத்து ஆடப்படும் வட்ட அரங்கான வட்டக்களரியே நல்ல ஆசான். களரிக்கு முன்புறம், பின்புறம் என்றில்லை. சுற்றிலும் தரையில் அமர்ந்தே சனம் பார்க்கிறது. உங்கள் படைப்பும் எல்லாத் திசையிலிருந்தும், இருந்தபடியே பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பன் என்னும் கோரைவகைப் புல்லில் பாய் இழைக்கும் பெண்களோடு சேர்ந்து பன்னிலும், தென்னங்குருத்திலும், களிமண்ணிலும் செய்வதையே நான் பரிந்துரைப்பேன்; உழைப்புக்குரிய கூலியையும் படைப்பில் அவர்களது பெயரையும் முதலிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். அடுத்த முறை பன்பாய்களை வளைத்துத் தாழ்வான சுவராக நிறுத்தினோம். நள்ளிரவில் தாய்மார் அதன் மறைவில் பிள்ளைகளை உறங்கவைத்தார்கள். நான் எண்ணியிராத அந்தப் பயன்பாட்டைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

குளிர்த்திக்கு மறுநாளே எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள். ஆணி பயன்படுத்தியிருந்தால் எண்ணி எடுத்தபின்னும் மணலின்மேல் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். பின்னேரம் அங்கே பிள்ளைகள் வெறுங்காலுடன் பந்தடிக்க வருவார்கள்.