டெஸ்டில் அழகான ஷாட்: தப்பு ஷாட்டிலா, நேரத்திலா?

ரிஷப் பந்த் விழுந்து புரண்டு, பந்தைத் தனக்குப் பின்னால் தூக்கிவிடும் ஸ்கூப் அடித்து அவுட்டானால், "டெஸ்ட் மேட்சில் இதெல்லாம் தேவையா?" என்று ஊரே கேட்கும். அதே மேட்சில் இன்னொருவர், பந்தை ஆஃப் பக்கம் முன்னால் அடிக்கும் கவர் டிரைவ் ஆடப்போய், கீப்பர் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்தால், "நல்ல பந்துப்பா, என்ன செய்வார்?" என்று விட்டுவிடுவோம். பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆடும் நம் தமிழ்ப் பசங்களிடமும் இதே கதைதான். பார்க்க விசித்திரமாக இருந்தால் ஆபத்து, அழகாக இருந்தால் பத்திரம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. என்னைக் கேட்டால், டெஸ்டில் ஸ்கூப்பை விட அதிகம் ஆளைக் கவிழ்ப்பது கவர் டிரைவ்தான்.

ஏன் என்று பாருங்கள். புதுப் பந்து, வெளியே விலகிப் போகிறது. மூன்று ஸ்லிப், அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கல்லி நிற்கிறார்கள். டிரைவ் போகும் இடமான கவரில் ஆளே இல்லை. அந்தக் காலி இடம் கேப்டன் போட்ட தூண்டில். பந்து காலுக்குப் பக்கத்தில் விழுந்தால் பிரச்சினை இல்லை, தரையில் பட்டு விலகுவதற்குள் மட்டை அதைத் தொட்டுவிடும். அரை அடி, ஒரு அடி முன்னாலேயே விழுந்தால்தான் வினை. பந்து எழும்பும்போதே அடிக்க வேண்டும், கை உடம்பை விட்டு விலகிப் போகும், மட்டையின் விளிம்பில் பட்டு நேராக ஸ்லிப்புக்குப் போகும். 2003-04 ஆஸ்திரேலியத் தொடரில் அப்படித் தடுமாறிக்கொண்டிருந்த சச்சின், சிட்னி டெஸ்டில் கவர் டிரைவையே ஒதுக்கி வைத்துவிட்டு ஆடினார். 436 பந்து, 241 நாட் அவுட். 2024-25இல் அதே நாட்டில், நம்ம ஊர் செல்லப்பிள்ளை கோலி பெர்த்தில் சதம் அடித்த பிறகு, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தைத் தொட்டுத் தொட்டே அவுட்டானார். அந்த ஷாட்டில் ஆயிரக்கணக்கில் ரன் எடுத்தவருக்கு அதை விட மனசு வராது, புரிகிறது. ஆனாலும் தப்பு தப்புதான்.

அடுத்தது, முடிவைப் பார்த்துவிட்டு ஷாட்டுக்கு மார்க் போடுவது. 2024 டிசம்பரில் மெல்போர்னில் ஸ்காட் போலந்தை ஸ்கூப் செய்யப்போய் பந்த் 28இல் அவுட்டானார். கமென்டரியில் கவாஸ்கர் 'முட்டாள்தனம்' என்று மூன்று முறை திட்டினார். ஆறு மாதம் கழித்து லீட்ஸில் அதே பந்த், அதே துணிச்சல், 134, 118 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சதம். இப்போது அதே கவாஸ்கரிடமிருந்து மூன்று முறை பாராட்டு. ஆள் மாறவில்லை, அப்புறம் எது மாறியது? மெல்போர்னில் முந்தைய பந்திலேயே ஸ்கூப் செய்யப்பார்த்துத் தவறவிட்டிருந்தார். எல்லைக்கோட்டில் அந்த ஷாட்டுக்காகவே ஆள் நின்றது. அங்கேயே மறுபடி தூக்கினார். அந்தப் பந்து தப்பித்துப் பவுண்டரிக்குப் போயிருந்தாலும் அது தவறான ஷாட்தான். கவாஸ்கர் கோபம் நியாயம் என்பது என் கட்சி.

மூன்றாவது தவறுக்கு வெளிநாடு போக வேண்டாம். 2024 அக்டோபரில் சின்னசாமி ஸ்டேடியத்தில் நியூசிலாந்து டெஸ்ட். முதல் நாள் மழையில் போயிற்று, பிட்ச் மூடியே கிடந்தது. மறுநாள் மேகமூட்டத்தில் டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்தோம், 46க்கு ஆல் அவுட். சொந்த மண்ணில் இந்தியாவின் மிகக் குறைந்த ஸ்கோர். விக்கெட்டுகள் சரியும்போதே பவுலர் மேட் ஹென்றியை, மிட் ஆஃபில் நின்ற ஃபீல்டர் தலைக்கு மேல் தூக்கப் பார்த்தார் சர்ஃபராஸ் கான். அங்கே நின்ற கான்வே பாய்ந்து பிடித்தார், டக் அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் அதே சர்ஃபராஸ் 150 அடித்தார். அதில் பாதி அழகே விக்கெட்டுக்குப் பின்னால் தட்டிவிட்ட ஷாட்டுகள்தான், லேட் கட், ஸ்லிப்புக்கு மேல் தூக்கிவிடும் அப்பர் கட் எல்லாம். கழுத்தொடியும் ஷாட் மாதிரித் தெரியும். ஆனால் பிட்ச் காய்ந்திருந்தது, பந்து பழசாகியிருந்தது, கணக்கு சரியாக இருந்தது. அப்புறம் நியூசிலாந்து இரண்டாவது புதுப் பந்தை எடுத்தது. சர்ஃபராஸ் பவுலர் சவுத்தியைத் தூக்கி கவரில் கேட்ச், பந்த் 99இல் போல்டு, 408க்கு 3 விக்கெட் என்றிருந்த ஸ்கோர் 462இல் முடிந்தது. பந்தின் வயதைப் பார்க்காமல் ஷாட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் தவறு என்று இதைவிட விளக்கமாகச் சொல்ல முடியாது.

பாய் விரித்த மேட்டிங் பிட்சில் ஆடும் பசங்களுக்கும் இது பொருந்தும். மேட்டில் பந்து கூடுதலாக எழும்பும். அங்கே டிவியில் பார்த்த டிரைவை அப்படியே ஆடினால் விளிம்புதான் மிச்சம். பின்காலில் போய் ஸ்கொயர் கட் ஆடினால் ரன் தானாக வரும்.

எதிரணியின் நிலைமையைப் பார்க்காததும் ஒரு தவறு. 2024இல் இங்கிலாந்துக்கு எதிரான ராஜ்கோட் டெஸ்டில் அஸ்வின் குடும்ப அவசரத்துக்காகக் கிளம்பிவிட்டதால் இந்தியாவுக்கு ஒரு பவுலர் குறைவு. ஜோ ரூட் பொறுமையாக நின்றிருந்தாலே போதும். பும்ராவை, மட்டையைத் திருப்பிப் பிடித்து ரிவர்ஸ் ஸ்கூப் செய்து ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்தார். 224க்கு 2 என்றிருந்த இங்கிலாந்து 319இல் சுருண்டது.

சரி, அப்படியென்றால் ஆபத்தான ஷாட்டே வேண்டாமா? அதுவும் தவறுதான், குறிப்பாகச் சுழலும் பிட்சில். அங்கே தடுத்தே ஆடினாலும் ஏதோ ஒரு பந்து ஆளைத் தூக்கிவிடும், அதற்குள் ரன் சேர்க்க வேண்டும். 2022இல் இதே சின்னசாமியில் இலங்கைக்கு எதிரான பகலிரவு டெஸ்டில் முதல் நாளிலிருந்தே பந்து திரும்பியது, தாழவும் செய்தது. ஷ்ரேயஸ் ஐயர் இறங்கி வந்து அடித்து 98 பந்தில் 92 எடுத்தார், கடைசியில் இறங்கி வந்தே ஸ்டம்பிங் ஆனார். அதை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. 1987இல் இதே மைதானத்தில், இதைவிட மோசமாகத் திரும்பிய பிட்சில், கவாஸ்கர் பாகிஸ்தானுக்கு எதிராகப் பந்தைக் கடைசி வரை பார்த்து, மட்டையைத் தளர்வாகப் பிடித்து 96 எடுத்தார். அந்த வித்தை கைவசம் இருந்தால் இறங்கி வந்து அடிக்கத் தேவையில்லை. ஆனால் அன்று அது அவர் ஒருவரிடம்தான் இருந்தது, 221 இலக்கில் இந்தியா 16 ரன்னில் தோற்றது.