ரோமில் மாலை நான்கு மணிக்குப் பசிக்கக் கூடாது

ரோமுக்குப் போய் வந்தவர்களிடம் சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஒரு சாரார் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்கள். இன்னொரு சாரார், "என்ன பெரிய இத்தாலியச் சாப்பாடு, நம்ம ஊர் பீட்சாவே தேவலை" என்பார்கள். இவர்களைக் கொஞ்சம் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். காலையில் ஹோட்டலில் எதையோ கொறித்துவிட்டு வத்திக்கான் வரிசையில் போய் நின்றிருப்பார்கள். அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வரும்போது மணி மூன்றரை. பசியில் கண் இருட்ட, எதிரில் தெரிந்த குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்கள் மோசமான கடையைத் தேடிப் போனார்கள் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேறு கடை திறந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ரோமின் நல்ல சமையலறைகள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் அடுப்பு பற்றவைத்து, இரண்டரை அல்லது மூன்று மணிக்கு அணைத்துவிடும். மறுபடி ஏழரைக்கு மேல்தான். ஊர்க்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு எட்டரைக்கு முன் வருவதே அபூர்வம். இடைப்பட்ட நேரத்திலும் மேஜை போட்டுப் பாஸ்தா பரிமாறுகிற இடங்களில் பெரும்பாலானவை, மறுபடி வரவே போகாத வாடிக்கையாளரை நம்பி நடப்பவை.

படம் போட்ட மெனு, ஆறு மொழியில் பலகை, வாசலில் கையைப் பிடித்து இழுக்கும் ஆள் என்று எச்சரிக்கை அறிகுறிகளை எல்லோரும் சொல்லியிருப்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் பசி வந்த பிறகு அந்தப் பட்டியல் எதற்கும் உதவாது. அதனால் முதலில் திட்டமிட வேண்டியது நேரத்தை. வத்திக்கானுக்கோ கொலோசியத்துக்கோ நுழைவுச்சீட்டு எடுக்கும்போதே மதியம் ஒரு மணிக்கு எங்கே இருப்போம் என்று பார்த்து எடுங்கள். ஒன்று, காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும். இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டுப் பிற்பகலில் போக வேண்டும். பதினொன்றரை மணிச் சீட்டுதான் வினை.

புகழ்பெற்ற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் ஏமாற்றுக் கடை என்று ஒதுக்குவதும் தவறுதான். பாந்தியனிலிருந்து சில அடி தூரத்தில் 1961-லிருந்து நடக்கும் அர்மாந்தோ அல் பாந்தியன், ரோமானியச் சமையலுக்குப் பேர்போன இடம். ஆனால் அங்கே முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. பல நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

நான்கு மணிப் பசிக்கு என்ன செய்வது

இதற்கு ரோமிலேயே நல்ல வழி இருக்கிறது: பீட்சா அல் தால்யோ. நீளமான செவ்வகத் தட்டுகளில் சுட்டு, கேட்கிற அளவுக்கு வெட்டி, எடை போட்டுத் தரும் பீட்சா. இந்தக் கடைகள் பகல் முழுக்கத் திறந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது விலைப் பலகையில்தான். அதில் போட்டிருப்பது துண்டின் விலை இல்லை. 100 கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ உள்ள விலை. இரண்டு யூரோ என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆளுக்கு இரண்டு பெரிய துண்டு கேட்டுவிட்டு, கல்லாவில் முழிப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

வெட்டுகிறவர் கத்தியையோ கத்தரியையோ தட்டின் மேல் வைத்து, "இவ்வளவா?" என்பது போல நிமிர்ந்து பார்ப்பார். கையாலேயே கூட்டலாம், குறைக்கலாம். நாலு விரல் அகலத்தில் மூன்று வகை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். தராசில் வைத்து, தேவையென்றால் அடுப்பில் சூடு காட்டி, காகிதத்தில் சுற்றித் தருவார். வத்திக்கானை விட்டு வெளியே வந்தவர்களுக்குச் சிப்ரோ மெட்ரோ நிலையத்தருகே பிட்சாரியம் என்ற கடை இருக்கிறது. கம்போ தே ஃபியோரி சதுக்கத்தில் அதே பெயருள்ள பேக்கரியில், மேலே உப்பும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் போட்ட பிட்சா பியாங்கா கிடைக்கும். சூடாக வாங்கினால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கூடவே சுப்ளி கேளுங்கள். தக்காளிச் சாறில் வெந்த சோற்றை உருட்டி, நடுவில் மொஸரெல்லா சீஸ் வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. பலவற்றில் சாறில் கொத்துக்கறி சேர்ந்திருக்கும், சைவர்கள் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

வாங்கியதை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது தனிப் பிரச்சினை. ஸ்பானிஷ் படிக்கட்டில் உட்காரக் கூடாது. 2019-லிருந்து அபராதம் உண்டு. புகழ்பெற்ற நீரூற்றுகளின் விளிம்பில் பொட்டலத்தை விரித்தாலும் காவலர் வந்துவிடுவார். கடை வாசலில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பதுதான் ஊர் வழக்கம்.

காபி

இத்தாலியில் பார் என்றால் காபிக் கடை. நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. கவுன்டரில் எஸ்பிரெஸோ பெரும்பாலும் ஒன்றரை யூரோவுக்குள் முடிந்துவிடும். நவோனா சதுக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தால் அதுவே மூன்று நான்கு மடங்கு. அது மோசடி இல்லை, நாற்காலிக்கும் காட்சிக்கும் வாடகை. கவுன்டரில் வாங்கிய கோப்பையை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் உட்காருவதுதான் உண்மையான தவறு. கூட்டமுள்ள பார்களில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் கவுன்டரில் வைத்தால்தான் காபி போடுவார்கள்.

பதினோரு மணிக்கு மேல் கப்புச்சினோ கேட்கக் கூடாது என்று பெரிய விதி மாதிரிச் சொல்வார்கள். சாப்பிட்ட வயிற்றுக்குப் பால் ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. யாரும் தர மறுக்கப் போவதில்லை. இதை நான் தவறுகளில் சேர்க்கவே மாட்டேன், ஆசைப்பட்டால் குடியுங்கள். அதைவிட முக்கியமான எச்சரிக்கை, பாந்தியன் பக்கத்தில் 1938-லிருந்து நடக்கும் சாண்ட் யூஸ்தாக்கியோ கடைக்குப் போகிறவர்களுக்கு: அவர்களுடைய புகழ்பெற்ற கிரான் கஃபேயில் சர்க்கரை போட்டேதான் வரும். வேண்டாமென்றால் முன்கூட்டியே "சென்ஸா சுக்கெரோ" என்று சொல்லிவிட வேண்டும்.

மெனுவில் எதைக் கேட்பது

ரோமில் உட்கார்ந்து பெஸ்தோ பாஸ்தா கேட்பதும் லசான்யா கேட்பதும் பெரிய குற்றமில்லை, ஆனால் வீண். பெஸ்தோ ஜெனோவா ஊர்ச் சரக்கு, இறைச்சிச் சாஸ் போட்ட லசான்யா பொலோன்யாவுடையது. ரோமுக்கு என்று நான்கு பாஸ்தா இருக்கிறது. அடிப்படை கிரிச்சா: பன்றிக் கன்னத்து இறைச்சியான குவாஞ்சாலே, ஆட்டுப்பால் சீஸான பெக்கோரினோ ரோமானோ, மிளகு. அதில் தக்காளி சேர்ந்தால் அமாத்ரிச்சானா, முட்டை சேர்ந்தால் கார்போனாரா, இறைச்சியை எடுத்துவிட்டால் காச்சோ எ பெப்பே. கார்போனாராவில் கிரீம் கிடையாது. மெனுவில் கிரீம் என்று எழுதியிருந்தால் மெனுவை மூடிவிட்டு எழுந்துவிடலாம்.

காச்சோ எ பெப்பே என்பது சீஸும் மிளகும் மட்டும்தான். மிளகு இந்த ஊருக்கு வந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். சேர நாட்டு முசிறித் துறையில் ஏற்றிய மிளகைச் சேமிக்க, ரோமானியப் பேரரசர் டொமிஷியன் காலத்தில் பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தை ஒட்டித் தனிக் கிடங்கே கட்டினார்கள். இந்தப் பாஸ்தா அவ்வளவு பழசு இல்லை என்றாலும், சாப்பிடும்போது அந்தக் கப்பல்களை நினைத்துக்கொள்ளலாம்.

முன்னுணவு, பாஸ்தா, இறைச்சி, இனிப்பு என்று வரிசையாக எல்லாம் கேட்டாக வேண்டும் என்ற பயமும் தேவையில்லை. ஆளுக்கு ஒரு பாஸ்தா, நடுவில் ஒரு காய்கறி, போதும். உறுப்பு இறைச்சி பிடிக்கிறவர்கள் டெஸ்டாச்சோ பகுதிக்குப் போகாமல் வரக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த இறைச்சிக்கூடம் 1975 வரை அங்கே நடந்தது. நல்ல கறி பணக்காரர் வீட்டுக்குப் போக, குடலும் வாலும் தொழிலாளர் வீட்டுக்கு வந்தன. இன்று ரோமின் பெருமையாகச் சொல்லப்படும் திரிப்பா என்ற குடல்கறியும் வால்கறியும் அப்படி வளர்ந்தவை.

சைவம் சாப்பிடுகிறவர்கள்

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், கடைக்காரர் ஏமாற்றாமலேயே. பூசணிப்பூவைப் பொரித்துத் தருவதைப் பார்த்தால் யாருக்கும் சைவம் என்றுதான் தோன்றும். கடித்தால் உள்ளே மொஸரெல்லாவோடு ஒரு நெத்திலி இருக்கும். குளிர்காலத்தில் கிடைக்கும் புந்தரெல்லே என்ற கீரைத்தண்டு சாலட்டிலும் நெத்திலிதான் அரைத்துக் கலந்திருக்கும். மினெஸ்த்ரோனே என்ற காய்கறிச் சூப்பில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிற வீடும் உண்டு, கடையும் உண்டு. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கண்டிப்பான சைவர்களுக்கு இன்னொரு விஷயம்: பெக்கோரினோ ரோமானோவையும் பார்மிஜானோ சீஸையும் உறைய வைப்பது ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி. அது ஒப்பாதவர்கள் காச்சோ எ பெப்பேயையும் விட்டுவிட வேண்டியதுதான். அவர்களுக்கு அர்ராபியாத்தா பாஸ்தா இருக்கிறது, பூண்டும் தக்காளியும் காய்ந்த மிளகாயும் போட்டது. மேலே சீஸ் தூவ வேண்டாம் என்று சொன்னால் போதும். பூண்டு, மிளகாயோடு வதக்கிய சிக்கோரியா கீரையும் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

கூனைப்பூவை (ஆர்ட்டிசோக்) மறக்கக் கூடாது. பழைய யூதக் குடியிருப்பில், போர்த்திகோ தொத்தாவியா தெருவில், அதை முழுசாக இரண்டு முறை எண்ணெயில் போட்டு, தங்க நிறப் பூவாக விரித்துத் தருவார்கள். இதழ்களை ஒவ்வொன்றாக முறுக்கு மாதிரிக் கடிக்கலாம். ரோமின் சொந்தக் கூனைப்பூவுக்குக் காலம் குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம் வரைதான். கோடையில் கிடைப்பது வெளியூர்க் காய். அந்தத் தெருவில் யூதர்களின் உணவு விதியான கோஷர் முறைப்படி நடக்கும் கடைகள் வெள்ளி மாலை மூடினால் சனி பொழுது சாய்ந்த பிறகுதான் திறக்கும்.

பில் வரும் நேரம்

கேட்காமல் பில் வராது. அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பிட்டவரை எழுப்பிவிடுவது அங்கே மரியாதைக் குறைவு. கையைத் தூக்கி "இல் கோந்தோ" என்றால் வந்துவிடும்.

உட்கார்ந்ததற்கான கட்டணமான கொப்பெர்த்தோவை ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலம் 2006-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதற்குப் பதிலாக ரொட்டி என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ போடுகிறார்கள். ரொட்டி வேண்டாமென்றால் கூடையை வைக்கும்போதே சொல்லிவிடலாம், ஆனால் இதற்காகச் சண்டை போட்டு இரவைக் கெடுத்துக்கொள்வது வேண்டாத வேலை. கவனிக்க வேண்டியது சேவைக் கட்டணத்தை. மெனுவில் சொல்லாமல் பில்லில் மட்டும் வந்தால் கேளுங்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை.

பெரிய அடி விழுவது மீனில்தான். மெனுவில் மீன் விலை 100 கிராமுக்குப் போட்டிருக்கும். ஒரு முழு மீன் ஒரு கிலோவைத் தாண்டினால் கணக்கு எங்கேயோ போய்விடும். 2019-ல் சாந்தாஞ்சலோ கோட்டை அருகே இரண்டு ஜப்பானியப் பயணிகளுக்கு ஸ்பகெட்டியும் மீனும் சாப்பிட்டதற்குச் சுமார் 430 யூரோ பில் வந்தது; அதில் 80 யூரோ டிப்ஸ் கணக்கில். உலகம் முழுக்கச் செய்தியானது. சமைக்கும் முன் மீனைக் காட்டச் சொல்லி, எடையையும் மொத்த விலையையும் கேட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை.

தண்ணீருக்குப் பாட்டில் வாங்கித்தான் ஆக வேண்டும், உணவகத்துக்குள். தெருவில் வாங்காதீர்கள். 1874-லிருந்து வைக்கப்பட்டு வரும் நசோனி குழாய்களில் நல்ல குளிர்ந்த குடிநீர் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. மூக்கு மாதிரி வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி எழும், குனியாமல் குடிக்கலாம்.

இத்தாலிய ஐஸ்கிரீமான ஜெலாத்தோவுக்கு நிறத்தைப் பாருங்கள். பிஸ்தா பளீர்ப் பச்சையாகவும் வாழைப்பழம் மஞ்சளாகவும் மலை மாதிரிக் குவித்து வைத்திருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். நல்ல பிஸ்தா மங்கலாக இருக்கும், வாழைப்பழம் சாம்பல் வெள்ளையாக இருக்கும்.

அப்புறம், காலண்டரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஞாயிறு இரவோ திங்களோ ட்ராட்டோரியா எனப்படும் எளிய உணவகங்கள் பல திறப்பதில்லை. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களில் சொந்தக்காரர்களே கடலுக்கோ மலைக்கோ போய்விடுவார்கள். கதவில் விடுமுறைச் சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சமயத்தில் போகிறவர்கள், பிடித்த கடை திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே போன் செய்து, எட்டரை மணிக்கு ஒரு மேஜை சொல்லி வைத்துவிடுவது நல்லது.